வீட்டு மாடியில் 47 மீட்டர் மலையேற்றம்

முன்குறிப்பு: அடியேன் பி.காம். மாணவன். இயற்பியலைப் பத்தாம் வகுப்போடு தலைமுழுகியாகிவிட்டது. ஆகவே இது ஒரு கணக்குப்பிள்ளையின் சைக்கிள் புராணம் :-)

போன மாதம் எங்கள் சைக்கிள் குழுவில் ஒரு போட்டி. மாதம் முழுக்க யார் அதிக உயரம் ஏறுகிறாரோ அவருக்கு ஒரு ஜோடி புது டயர். சேலத்துக்காரனுக்கு ஏற்றம் என்றால் ஏற்காடுதான். 20 கொண்டை ஊசி வளைவுகள், ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம்.

நான்கு ஞாயிறும் நானும் நண்பனும் சேர்ந்தே ஏறினோம், சேர்ந்தே இறங்கினோம். அவன் கூடுதலாக ஒரு புதன்கிழமையும் தனியாக ஏறினான். அவனுடைய சைக்கிள் கருவி ஒரு தடவைக்கு 1,190 மீட்டர் காட்டியது. என் போனோ 1,560! ஐந்து முறை ஏறிய அவனுக்கு 5,950. நான்கே முறை ஏறிய எனக்கு 6,240. டயர் எனக்கு!

"எப்படிடா?" என்று மட்டும் கேட்டான். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

மறுநாள் போனை மொட்டைமாடியில் வைத்து, பதிவை ஓடவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தேன். உட்கார்ந்த இடத்திலேயே 47 மீட்டர் ஏறியிருந்தது!

விஷயம் இதுதான். அவன் கருவியில் காற்றழுத்தமானி இருக்கிறது. சுமார் 8 மீட்டர் ஏறினால் காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறையும், அதை வைத்துக் கணக்கிடுகிறது. என் போனில் அது இல்லை, ஜிபிஎஸ் மட்டும்தான். செயற்கைக்கோள்கள் எல்லாம் தலைக்கு மேலேதான், காலுக்குக் கீழே ஒன்றும் கிடையாது. அதனால் இடத்தைவிட உயரத்தைச் சொல்வதில்தான் ஜிபிஎஸ் அதிகம் தடுமாறும்.

தப்பு கூடவும் வரும், குறையவும் வரும், கடைசியில் சரியாகிவிடாதா? அங்கேதான் சிக்கல். மொத்த ஏற்றம் என்பது ஏறியதை மட்டும் கூட்டுவது. பொய்யாக 3 மீட்டர் ஏறினால் கணக்கில் சேரும். பொய்யாக 3 மீட்டர் இறங்கினால் அது இறக்கத்தின் கணக்குக்குப் போய்விடும், இதில் கழியாது. பேரேட்டில் பற்றுப் பக்கத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போவது மாதிரி.

இதில் வேடிக்கை, என் போனில் ஏற்றமும் இறக்கமும் அநேகமாகச் சமம். இருப்பாய்வு சமமானால் கணக்கில் பிழையே இல்லை என்று அர்த்தமில்லை. முதல் வருடப் பாடம், பரீட்சையில் எழுதி மதிப்பெண்கூட வாங்கியிருக்கிறேன்!

அதற்காக நண்பனின் கருவி அரிச்சந்திரன் இல்லை. வானிலை மாறி அழுத்தம் 3 ஹெக்டோபாஸ்கல் குறைந்தாலே 25 மீட்டர் ஏறியதாக நினைத்துக்கொள்ளும். மழைத்தண்ணீர் அதன் துளையை அடைத்தாலும் உளறும். சில செயலிகள் சின்ன ஏற்றங்களைத் தள்ளிவிட்டுக் கூட்டும், அதில் நிஜமான மேடுகளும் அடிபட்டுப் போகும்.

குழுவை நடத்தும் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ஒரே ரோட்டுக்கு எல்லாருக்கும் ஒரே எண். எத்தனை தடவை ஏறினீங்கன்னு மட்டும் பார்ப்போம் தம்பி" என்றார். டயர் நண்பனுக்குப் போனது. நான் நான்காவது இடம்.

புது டயரோடு வந்தவன், "மொட்டைமாடி ஏறினதுக்கு வாழ்த்துகள்டா" என்று டீ வாங்கிக் கொடுத்தான். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.