கச்சதீவில் ஓர் இரவு

கச்சதீவிற் குடியிருப்போர் எவருமில்லை. குடிக்க நல்ல தண்ணீருங் கிடையாது. ஆயினும் புனித அந்தோனியார் திருவிழா வந்துவிட்டால் குறிகட்டுவானிலிருந்தும் இராமேசுவரத்திலிருந்தும் படகுகள் அத்தீவை நாடும். நெடுந்தீவினராகிய எங்களுக்கு அது பக்தியோடு உறவுஞ் சேர்ந்த யாத்திரை. 1970களின் தொடக்கத்தில் தங்கச்சிமடத்தில் வாழ்க்கைப்பட்ட என் சின்னம்மாவைப் போர் ஓய்ந்தபின் ஆண்டுக்கொருமுறை அங்கேதான் கண்டோம். நாங்கள் பினாட்டும் பனங்கட்டியுங் கொண்டு செல்வோம். அவர் நூற்சேலை கொண்டுவருவார். வெள்ளி மாலை சிலுவைப்பாதை முடிந்தால் விடியுமட்டும் சகோதரிகளின் பேச்சு ஓயாது. மறுநாட் பூசையிலும் இருவரும் குசுகுசுத்ததை அந்தோனியார் அறிவார்.

கொரோனாவினால் 2021இல் திருவிழா நிறுத்தப்பட்டது. 2022இற் சிலருக்கே அனுமதி, எங்களுக்குக் கிட்டவில்லை. அவ்விடைக்காலத்திற் சின்னம்மா காலமானார். தொலைபேசியிற் செய்தி வந்தது, முகங்காண வழியில்லை. அதன்பின் அம்மா பேச்சையே குறைத்துக்கொண்டார்.

2023இல் அவரை அழைத்துச் சென்றேன். சிலுவைப்பாதை முடிந்ததும், மேற்கு நோக்கி மணலில் அமர்ந்தார். செபமாலையுஞ் சொல்லவில்லை. குவேக்கர் எனப்படும் நண்பர் சபையாரிற் பலர், குருவும் பாட்டுமின்றி மௌனமாய்க் கூடியிருப்பதையே வழிபாடாகக் கொள்வர் என்று முன்பு படித்தபோது, ‘இதுவும் ஒரு பூசையோ?’ என நகைத்தவன் நான். அன்றிரவு நகைப்பு வரவில்லை. அருகே சென்று அமர்ந்தேன். அலையோசை தவிர எங்களிடையே வேறெதுவும் இல்லை.

நெடுநேரங் கழித்து அம்மா வாய் திறந்தார்.

“தம்பி, அந்தப் பினாட்டை எடு. அவளின்ர பிள்ளையள் வந்திருப்பினம், போய்ப் பாப்பம்.”