அத்தையின் குறுக்கு விசாரணை

அக்கா பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தபோது எங்கள் மாயவரம் வீட்டில் எல்லோருக்கும் அமெரிக்கக் கட்டுரையாளர் எமர்சன் கொஞ்சம் பழக்கமாகிவிட்டார். 1841-ல் வெளிவந்த அவருடைய ‘செல்ஃப் ரிலையன்ஸ்’ கட்டுரை அவளுக்குப் பாடம். சாயங்காலம் முற்றத்தில் சித்தப்பா அதை வரிவரியாகப் படித்துத் தமிழில் சொல்வார். எட்டாம் வகுப்பில் இருந்த எனக்கு அது நல்ல வேடிக்கை.

“மையக் கருத்து என்ன?”

“உன்னை நம்பு.” கைடில் இருந்ததை அக்கா ஒப்பித்தாள்.

சித்தப்பா பென்சிலால் காதோரம் சொறிந்துகொண்டார். “அது கட்டளைம்மா. ஏன் நம்பணும்னு சொல்றார் பாரு, அதைத் தேடு.”

மொச்சை உரித்துக்கொண்டிருந்த அத்தை தலையைத் தூக்காமலே கேட்டாள்: “அவனவன் மனசு சொன்னபடி நடக்கலாம்னா, திருடனும் அதையேதானே சொல்லுவான்?”

சித்தப்பாவுக்கு ஏக குஷி. அந்தக் கேள்வி கட்டுரைக்குள்ளேயே இருக்கிறது. உள்ளிருந்து வரும் தூண்டுதல் மேலிருந்து வராமல் கீழிருந்து வந்தால் என்ன செய்வாய் என்று இளம் எமர்சனை ஒருவர் மடக்குகிறார். நான் சாத்தானின் பிள்ளை என்றால் அப்படியே வாழ்ந்துவிட்டுப் போகிறேன் என்கிற தோரணையில் பதில் வருகிறது.

“இது பதிலா? வீம்பு,” என்றாள் அத்தை. எனக்கும் இன்றுவரை அப்படித்தான் படுகிறது.

அக்கா விடவில்லை. பல பக்கம் தள்ளி, நம்பச் சொல்கிற அந்த ‘நான்’ யார் என்று எமர்சனே கேட்கும் இடத்தைப் பிடித்தாள். அது தனி ஆளின் ஆசையோ பிடிவாதமோ இல்லை; எல்லா உயிருக்கும் ஊற்றான ஒன்று உள்ளுணர்வாக நமக்குள் பேசுகிறது என்கிறார். சட்டென்று பக்கங்களைப் பின்னால் தள்ளினாள். “சித்தப்பா, முதல் பத்தியிலேயே இருக்கே! நம்ம அந்தரங்கத்துல உண்மைன்னு படறது எல்லாருக்கும் உண்மைன்னு. அதனாலதான் நம்பச் சொல்றார்.”

பென்சில் கோடு இரண்டு இடத்திலும் விழுந்தது.

அத்தைக்குச் சமாதானமாகவில்லை. பாஸ்டன் தேவாலயத்தில் போதகராக இருந்த எமர்சன், திருவிருந்துச் சடங்கை மனமொப்பி நடத்த முடியாமல் 1832-ல் விலகினார் என்று சித்தப்பா சொன்னதும்தான் நிமிர்ந்தாள்.

“சம்பளத்தையா விட்டாரு?”

“ஆமா.”

“அப்ப சரி, மேல படி.”

இறந்துபோன முதல் மனைவியின் சொத்தில் பிற்பாடு எமர்சனுக்கு ஒரு பங்கு வந்ததை வெகுகாலம் கழித்துப் படித்தேன். அத்தையிடம் சொல்லவில்லை.