ஆகாயத்தில் ஒரு சிறுவாடு

எங்கள் மேற்குச் சென்னைப் பக்கம் உழைப்பாளிகளின் பூமி. 1949-இல் அம்பத்தூரில் சைக்கிள் கம்பெனி வந்தது. 1961-இல் ஆவடியில் டாங்கி செய்யும் தொழிற்சாலை வந்தது. பிறகு எஸ்டேட்டும் சேர்ந்துகொள்ள, ஷிப்ட் சங்கு கேட்டே எங்கள் வீடுகளில் உலை வைத்தோம். அப்படி உழைத்தவர்களின் பிள்ளைகள் இன்று சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் குடித்தனம் நடத்துகிறார்கள். அதனால்தான், ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போதுகூட, "அக்கா, இந்த தடவை எத்தனை கிலோ விடுறாங்க?" என்று விமானப் பேச்சு காதில் விழுகிறது!

பூவிருந்தவல்லிக்காரர்களுக்கு விமான நிலையம் சுலபம். மவுண்ட்-பூவிருந்தவல்லி ரோடு பிடித்தால் போரூர், நந்தம்பாக்கம், கத்திப்பாரா என்று போய்விடலாம். அம்பத்தூர், ஆவடிவாசிகள் பெட்டி கனமில்லை என்றால் மின்சார ரயிலில் சென்ட்ரல் போய், அங்கிருந்து மெட்ரோவில் நேரே விமான நிலையத்திலேயே இறங்கலாம். டாக்ஸிக் காசு மிச்சம்.

மிச்சம் என்றதும் ஞாபகம் வருகிறது. அடுக்களை டப்பாவில் நாம் சிறுவாடு சேர்ப்பதுபோல ஆகாயத்திலும் ஒரு சிறுவாடு உண்டு, சகோதரிகளே! அதற்குப் பெயர் மைல். வாடிக்கையாளரைத் தக்கவைக்க அமெரிக்க விமானக் கம்பெனிகள் 1980-ஐ ஒட்டி ஆரம்பித்த பழக்கம் இது. பறக்கும் தூரத்துக்கோ கொடுத்த காசுக்கோ ஏற்ப நம் கணக்கில் மைலோ புள்ளியோ ஏறும். ஏர் இந்தியாவில் மகாராஜா கிளப், சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் கிரிஸ்ஃப்ளையர், இண்டிகோவில் புளூசிப் என்று பெயர்கள். சேருவதற்குக் காசு கிடையாது.

"டிக்கெட்டுக்குப் பணம் கட்டினது நான், என் கணக்கில் போடச் சொல்" என்றார் என் வீட்டுக்காரர். அது நடக்காது! யார் பறக்கிறார்களோ அவர்கள் கணக்கில்தான் மைல் ஏறும். வீடு, நிலம் எதுவும் நம் பெயரில் இல்லாவிட்டாலும் இது நம் பெயரில் இருக்கும். மடியில் வைத்துக்கொண்டு போகும், இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் மைல் கிடையாது.

நம் ஊரில் பெயர் விஷயம் ஒரு வம்பு. இனிஷியல் முன்னால் வரும். பாஸ்போர்ட்டில் அதுவே அப்பா பெயராகவோ கணவர் பெயராகவோ விரிந்து நிற்கும். கணக்கிலும் டிக்கெட்டிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். இல்லையேல் மைல் ஏறாது.

சென்ற ஆண்டு என் பெண்ணுக்கு ஏழாம் மாதத்திலேயே டாக்டர் படுக்கையில் ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டார். உடனே கிளம்ப வேண்டும். டிக்கெட் விலையோ நெருப்பு. மாப்பிள்ளை ஆபீஸ் வேலையாக அடிக்கடி பறப்பவர். கிரிஸ்ஃப்ளையரில் ஒருவர் தம் மைலைச் செலவழித்து டிக்கெட் எடுத்துக் கொடுக்க ஐந்து பேரைப் பதிந்து வைக்கலாம். என் பெயரையும் பதிந்திருந்தார். நல்லவேளை, இடம் இருந்தது; வரி மட்டும் கட்டி மூன்றாம் நாளே பெண்ணின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தேன். எல்லா நாளும் இப்படி இடம் கிடைக்காது. அவசரம் வருமுன்பே பெயரைப் பதிந்து வைப்பது உத்தமம்.

அடிக்கடி பறப்பவர்களுக்கு வெள்ளி, தங்கம் என்று அந்தஸ்து தருகிறார்கள். தங்க அட்டை என்றால் கூடுதலாக 20 கிலோ, தனி ஓய்வறை, முன்னால் ஏறும் சலுகை எல்லாம் உண்டு. ஆனால் மாப்பிள்ளையின் தங்கம் மாமியாரின் ஊறுகாய் ஜாடிக்குச் செல்லாது! அவர் பறந்தால் அவருக்கு மட்டும்தான் அந்தக் கூடுதல் எடை. வருஷத்துக்கு ஒரு தடவை போகிற நாம் அந்தஸ்துக்காக அதிக விலை டிக்கெட் வாங்குவது, கூப்பனுக்காகப் புடவை வாங்குவது போலத்தான்.

கிரெடிட் கார்டு புள்ளிகளையும் மைலாக மாற்றலாம். ஆனால் பாக்கி வைத்தால் மாதம் மூன்று சதவிகிதத்துக்கு மேல்கூட வட்டி போகும். மாதாமாதம் முழுசாகக் கட்டுகிறவர்களுக்குத்தான் இது லாபம்.

சேர்த்ததைப் பூட்டி வைக்கவும் கூடாது. கிரிஸ்ஃப்ளையர் மைலுக்கு மூன்று வருஷம்தான் ஆயுள். கம்பெனிகளும் நிலையில்லை. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் பறப்பதை நிறுத்தியது. விஸ்தாரா 2024 நவம்பர் 12-இல் ஏர் இந்தியாவோடு இணைந்தது. அதன் புள்ளிகளும் அங்கே போய்ச் சேர்ந்தன. விஸ்தாராவில் பறந்தவர்கள் பழைய கணக்கை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று. கணக்கில் பிள்ளையின் போன் நம்பரைக் கொடுக்காமல் உங்கள் நம்பரையே கொடுங்கள். உறுப்பினர் எண்ணை ஒரு சீட்டில் எழுதி பாஸ்போர்ட் உறையில் செருகி வையுங்கள். போர்டிங் பாஸை மைல் ஏறும்வரை கிழித்துப் போடாதீர்கள். ஏறாவிட்டால் கேட்டு வாங்க அதுதான் சாட்சி.