நத்தையும் நட்சத்திரமும்

சோறு விற்பதை மதிப்புள்ள தொழிலென்று எம் முன்னோர் நெடுங்காலம் ஒப்புக்கொள்ளவில்லை. வழிப்போக்கருக்குச் சத்திரமும் மடமும் இருந்தன. மழையிரவில் அடியவர் ஒருவர் வந்தபோது, பகலில் விதைத்த நெல்லை வயலிலிருந்து வாரிவந்து சோறாக்கிய இளையான்குடிமாற நாயனாரின் வரலாற்றைச் சமய பாடத்திற் படித்தே யாமெல்லாரும் வகுப்பேறினோம். இவ்வாறு வளர்ந்தவர்க்கு, ஒரு தட்டுக் கறிக்கு அரை மூடை அரிசியின் விலை கேட்கும் போசனசாலை எளிதிற் சீரணமாகும் பொருளன்று. எனினும் 2025ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில், நியூயோர்க் நகரத்தில், அத்தகைய சாலையொன்றில் உணவருந்த நேர்ந்தது. அதனைப் பழைய மாணவரிடம் சொல்லவேண்டிய காரணம் ஒன்றுண்டு. அது பின்னர் வரும்.

மேனாட்டில் இந்திய உணவுச்சாலை புதிதன்று. இலண்டன் றீஜன்ற் வீதியில் 'வீராசாமி' என்னும் சாலையை எட்வர்ட் பாமர் என்னும் ஆங்கிலோ இந்தியர் 1926இல் தொடங்கினார். பிரான்சிய நிறுவனமான மிச்செலின், தன் வழிகாட்டி நூலில் நல்ல உணவுச்சாலைகளுக்கு நட்சத்திரக் குறியிடத் தொடங்கியதும் அதே 1926இல்தான். அந்நிறுவனத்தின் தொழில் மோட்டார் வண்டிகளுக்கு ரயர் செய்தல். ரயர் செய்பவர் கறிக்கு நடுவராவது எவ்வாறு என்று வாசகர் வினவலாம். நல்ல சாப்பாட்டைத் தேடி மக்கள் தூரம் போவர். தூரம் போனால் ரயர் தேயும். வியாபாரிகளின் மூளையை யாம் என்றும் குறைவாக மதித்ததில்லை.

இந்திய உணவுச்சாலையொன்று அந்த நட்சத்திரத்தைப் பெற எழுபத்தைந்து ஆண்டுகள் சென்றன. 2001இல் இலண்டனிலுள்ள 'தமரிண்ட்', 'சைக்கா' என்னும் இரண்டும் அதனைப் பெற்றன. இடைப்பட்ட காலத்தில் ஆங்கிலேயர் இந்தியச் சாப்பாடென்று அறிந்தது, பெரும்பாலும் சில்ஹெற் பகுதியிலிருந்து வந்த வங்காளிகள் அவர்களுடைய நாவுக்கேற்ப ஆக்கிக்கொடுத்த சாப்பாடே. அதற்காக அவ்வங்காளிகளைக் குறைகூறுதல் தகாது. பிழைக்கவந்த நாட்டில் வாங்குபவன் விரும்புவதையே விற்கவேண்டும். விற்றதை மேசையில் வைத்துவிட்டு, தாம் உண்பதை அடுக்களையின் பின்புறத்தில் உண்டார்கள். இது சாப்பாட்டு விஷயத்தில் மாத்திரம் நடந்ததென்று யாம் எண்ணவில்லை.

யாம் சென்ற சாலையின் பெயர் 'செம்ம'. தமிழ்நாட்டு இளைஞர் 'மிக நன்று' என்பதற்கு இச்சொல்லை வழங்குகின்றனர். எமக்குத் தமிழ் கற்பித்த பண்டிதர் இன்றிருந்தால் இப்பெயரைக் கேட்டு இரண்டுநாட் சாப்பிட்டிருக்கமாட்டார். 2021இல் அது திறக்கப்பட்டது. 2022இல் மிச்செலின் நட்சத்திரம் பெற்றது. உரிமையாளர்களான ரோனி மசும்தாரும் சிந்தன் பாண்டியாவும் தம் நிறுவனத்துக்கு 'மன்னிப்புக் கேளாத உணவு' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரொன்றை இட்டிருக்கிறார்கள். அடுப்படிக்குப் பொறுப்பாயிருப்பவர் விஜய் குமார் என்னும் தமிழர். மதுரைப் பக்கத்துக் கிராமமொன்றில் வளர்ந்தவர். 2025 யூன் மாதத்தில் ஜேம்ஸ் பியர்ட் பரிசிலின்போது நியூயோர்க் மாநிலத்தின் சிறந்த சமையற்கலைஞராகத் தெரிவானார். அன்று அவர் வேட்டியுடன் மேடையேறியதைப் பத்திரிகைகளிற் பலரும் கண்டிருப்பர்.

இந்தச் சாலையிற் பேர்பெற்ற பண்டம் நத்தைப் பிரட்டல். வயலில் நீர் நிற்குங் காலத்தில் நத்தை பொறுக்கிவந்து புளியும் இஞ்சியும் சேர்த்து ஆக்குவது நாட்டுப்புற ஏழைகளின் வழக்கம். சிறுவனாயிருந்தபோது தம் வீட்டில் நத்தை உண்பதைப் பிறரிடம் சொல்லத் தாம் வெட்கப்பட்டதையும், பிரான்சியர் அதனையே பெருவிருந்தாகக் கொள்கின்றனர் என்பதைப் பின்னர் சமையற்கலை பயிலும்போது அறிந்ததையும் விஜய் குமார் பேட்டிகளிற் சொல்லியிருக்கிறார். பிரான்சியன் தின்றால் நாகரிகம், எம்மவன் தின்றால் இழிவு! இந்தக் கணக்கைப் போட்டவர் யாரென்று யாம் வெகுநேரம் யோசித்ததுண்டு. வெள்ளைக்காரன்மேல் முழுப் பழியையும் சுமத்திவிட்டால் எமக்கு வசதியாக இருக்கும். ஆனால் மதுரைப் பக்கத்துச் சிறுவனை நாணச்செய்தவர் வெள்ளைக்காரரல்லர்.

எம்மை அங்கே அழைத்துச் சென்றவர் எம் சகபாடி ஒருவர். பல்லாண்டுகள் பொறியியலாளராகப் பணிபுரிந்து ஓய்வுபெற்று நியூ ஜேர்சியில் வாழ்பவர். அச்சாலையில் இடம் கிடைப்பது அரிது; அவர் பல நாள் முயன்று இரண்டு ஆசனங்களைப் பெற்றிருந்தார். அமர்ந்தவுடன் பரிசாரகப் பெண் வந்து, உண்ணக்கூடாத பொருள் ஏதேனும் உண்டா என்று விநயமாகக் கேட்டாள். ஒவ்வாமைக்காக அந்நாட்டில் எல்லாரிடமும் கேட்கும் கேள்வி அது. எமது ஊரில் ஒருவர் எதை உண்பார், எதை உண்ணார் என்று கேட்பவர் பெரும்பாலும் வேறொன்றை அறியவே கேட்பார். அங்கே அக்கேள்வி வயிற்றோடு நின்றுவிட்டது. யாம் மரக்கறி போசனர் என்றோம். எமக்குப் பொடி தூவிய தோசை வந்தது. சகபாடிக்கு நத்தைப் பிரட்டலும் அதனுடன் கல்தோசையும் வந்தன. தோசை மிக நன்று. அதைப்பற்றி அதிகம் எழுதுவதற்கில்லை, தோசை தோசைதான்.

சகபாடி ஒரு நத்தையை வாயிலிட்டுச் சற்றுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "மச்சான், இது எங்கட மட்டி மாதிரித்தான் கிடக்கு. அம்மா எண்டா இன்னும் கொஞ்சம் உறைப்புப் போடுவா" என்றார்.

அறுபதுகளின் முற்பகுதியில் எம்முடன் படித்த எவரும் அவரை அறிவர். பெயர் குறிப்பிடல் வேண்டாமென்று அவரே கேட்டிருக்கிறார். கடலேரிக் கரையிலிருந்து ஐந்து மைல் நடந்து வருவார். மதிய உணவைக் கட்டடத்தின் பின்னாலிருந்த வேப்பமரத்தடியிலிருந்து உண்பார். தகரப் பெட்டியின் மூடியை இடக்கையாற் சாய்த்துப் பிடித்தபடியே வலக்கையால் உண்பார். உள்ளே இருந்தது மட்டிக்கறியும் குரக்கன் பிட்டும் என்பதை அறுபது ஆண்டுகள் கழித்து, கடல் கடந்து, அந்த மேசையில்தான் அறிந்தோம். துடுப்பாட்டம் முடிந்து யாமெல்லாரும் சந்தியிலிருந்த தேநீர்க்கடைக்குட் புகும்போது, அவர் தாகமில்லையென்று வெளியே நிற்பார். வேகப்பந்து வீசியவருக்குத் தாகமில்லையாம்! காரணம் எல்லாருக்கும் தெரியும். ஆகையால் எவரும் கேட்பதில்லை. அவருடைய ஊரவர்க்கு அக்கடையில் தேநீர் போத்தலில்தான் வார்க்கப்படும். அதுவும் வாசலுக்கு வெளியே.

இத்தனைக்கும் எமது நாட்டில் இதைப்பற்றிப் பேசுவார் இல்லாமலில்லை. யாழ்ப்பாணத்தில் 1924இல் தொடங்கிய மாணவர் காங்கிரஸ், பின்னர் வாலிபர் காங்கிரஸாகி, எல்லாரும் ஒருங்கிருந்து உண்ணவேண்டுமென்று வாதாடியது. சம ஆசனம், சம போசனம் என்னும் தொடர்கள் பாடசாலைகளிற் பெரும் பூசலை உண்டாக்கின. 1957இல் சாதி காரணமாகக் கடைகளில் எவரையும் மறுத்தலைக் குற்றமாக்கும் சட்டம் நிறைவேறியது. அதன் பின்னரும் சிறுபான்மைத் தமிழர் மகாசபையினர் தேநீர்க்கடைப் பிரவேசத்துக்காகப் போராடவேண்டியிருந்தது. சட்டம் கடையின் வாசல்வரை வந்தது; உள்ளே போகத் தயங்கி எம் சகபாடியைப் போலவே வெளியே நின்றது.

நியூயோர்க்கிலோ, எமக்கு இடப்புறத்து மேசையில் சீனத் தம்பதியர், வலப்புறத்தில் கறுப்பின இளைஞர் நால்வர். எவர் எவரென்று எவரும் பார்க்கவில்லை. இது அறத்தின் வெற்றியென்று யாம் மயங்கவில்லை. காசு உள்ளவர்க்குத் திறந்த கதவு அது. வயலில் நத்தை பொறுக்குபவர் அக்கதவைத் தாண்டுதல் அரிது. சீட்டு வந்தபோது, பரிசாரகர்க்கு ஐந்திலொரு பங்கு மேலதிகமாகக் கொடுக்கவேண்டுமென்ற அந்நாட்டு வழக்கத்தையும் அறிந்து, எம் ஓய்வூதியத்தை நினைத்து நெடுமூச்செறிந்தோம். சகபாடி சீட்டை எம்மிடமிருந்து பறித்துக்கொண்டார். எனினும் ஒன்றை மறுக்க இயலாது. அந்த நத்தைத் தட்டை அவர் மேசையின் நடுவில் வைத்தே உண்டார். பக்கத்து இளைஞரில் ஒருவர் அதென்னவென்று கேட்டபோது, அது எப்படிப் பொறுக்கப்படுகிறது, எப்படிக் கழுவப்படுகிறது என்று கால்மணி நேரம் விளக்கினார். வகுப்பில் அவர் அவ்வளவு பேசி யாம் கேட்டதில்லை.

திரும்பும் புகைவண்டியில் யூபிலி விருந்தைப் பற்றிப் பேச்சு வந்தது. வழக்கம்போல பிரியாணியும் புட்டிங்கும் கொழும்பிலிருந்து வருவிப்பார்கள் என்று யாம் சொன்னோம். "ஏன், ஒடியற் கூழ் காய்ச்சினால் ஆருக்கேனும் வெக்கமோ?" என்றார் அவர்.

வெட்கமில்லையென்றே நம்புகிறோம். பனையின் ஒடியலை இடித்த மாவிற் பயிற்றங்காயும் பலாக்கொட்டையும் மரவள்ளியும் புளியும் செத்தல் மிளகாயும் சேர்த்துக் காய்ச்சி, பலாவிலையைக் கோலி எல்லாரும் ஒரே பானையைச் சூழ்ந்திருந்து குடிப்பது இங்கு எவருக்கும் புதிதன்று. மீனும் நண்டும் இடாமற் சைவமாக ஒரு பானையும், இட்டு ஒரு பானையும் வைக்கலாம். கல்லூரி வளவுக்குள் இரண்டாவது பானை கூடாதென்றால் முதலாவது போதும். விருந்துக் குழுவின் செயலாளருக்கு இதனை எழுத்தில் அறிவித்துவிட்டோம். கூழ் உண்டென்று மறுமொழி கிடைத்தால், விமானச் சீட்டு எடுக்கத் தயாராக நியூ ஜேர்சியில் ஒருவர் காத்திருக்கிறார்.