பிட்டு அவியும் நேரம்

குழைத்துக் கொத்திய மாவை நீத்துப்பெட்டியில் இட்டு மூடிவைத்தால், ஆவி நன்றாக மேலெழுந்து பிட்டு இறங்கப் பத்து, பன்னிரண்டு நிமிடம் செல்லும். அந்த நேரம் அடுப்பை விட்டு அகலவும் முடியாது. கைக்கு வேலையும் இராது. என் அம்மா தன் வாழ்நாளில் வாசித்ததெல்லாம் அந்த இடைவெளியில்தான். கடையில் மல்லியோ சீனியோ சுற்றித் தந்த சரையைப் பிரித்து, தொடையில் வைத்துக் கையால் நீவி, அடுப்பு வெளிச்சத்தில் எழுத்துக்கூட்டி வாசிப்பார். பெரும்பாலும் ஏதாவது தொடர்கதையின் நடுத்தாளாகத்தான் இருக்கும். முன்னுக்கு என்ன நடந்தது, பின்னுக்கு என்ன ஆனது என்று அந்தத் தாளில் இராது. இரவில் எங்களைப் படுக்கவைக்கும்போது தொடக்கத்தையும் முடிவையும் தானே கட்டிச் சொல்வார். நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர் அவர்.

நான் படித்து ஆசிரியை ஆனேன். இணுவிலில் வீடு, மூன்று பிள்ளைகள், பையில் எந்நாளும் திருத்த வேண்டிய கொப்பிகள். 'மல்லிகை' மாதாமாதம் வாங்கினேன். டொமினிக் ஜீவா 1966 ஆகஸ்டில் தொடங்கிய இதழ் அது. யாழ்ப்பாணத்தில் சலூன் தொழில் செய்தபடி எழுதிய மனிதர், தன் இதழைத் தானே தெருத்தெருவாகக் கொண்டுபோய் விற்றார். அவருடைய உழைப்பை மதித்து வாங்கினேன். வாசிக்கவில்லை. அட்டையைப் பார்ப்பேன், உள்ளடக்கத்தில் கண்ணை ஓட்டுவேன், "பிறகு ஆறுதலாய் வாசிப்பம்" என்று தகரப் பெட்டிக்குள் அடுக்கிவிடுவேன். பிள்ளைகள் வளரட்டும், பென்ஷன் வரட்டும் என்று நாள் குறித்துவைத்திருந்தேன்.

யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் இரவல் எடுத்த ஒரு புத்தகமும் அந்தப் பெட்டியின் மேல் கிடந்தது. நேரமில்லாமல் வாசியாமலும், வாசியாததால் திருப்பிக் கொடாமலும் தவணை கடந்திருந்தது. 1981 ஜூன் முதலாம் திகதி நூலகம் எரிந்துபோன செய்தி வந்தது. ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பல். என் சோம்பலால் தப்பிய அந்த ஒன்றைக் கையில் எடுத்துவைத்துக்கொண்டு விறாந்தையில் இருந்தேன். அன்றைக்கும் அதை விரிக்க மனம் வரவில்லை. அதையும் பெட்டிக்குள் வைத்தேன்.

1990இல் போரால் மின்சாரம் போனது. மண்ணெண்ணெய் கிடைக்காத அந்த ஆண்டுகளில் ஜாம் போத்தலுக்குள் கொஞ்ச எண்ணெயும் ஒரு திரியும்தான் வீட்டுக்கு விளக்கு. பத்திரிகைகூடப் பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் அச்சாகி வந்த காலம். ஒரு விளக்கு, மூன்று பிள்ளைகள், மூன்று சோதினைகள். அந்த வெளிச்சத்தில் எனக்குப் பங்கு இருந்ததாக நான் நினைக்கவே இல்லை.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி பின்னேரம், எல்லோரும் வெளியேறச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. எங்கள் வலிகாமப் பகுதி முழுவதும் மழைக்குள் நாவற்குழிப் பக்கம் நடந்தது. சைக்கிளில் அரிசி, பிள்ளைகளின் சான்றிதழ்கள், இரண்டு சட்டி. தகரப் பெட்டி கட்டிலுக்குக் கீழே நின்றுவிட்டது. அடுத்த ஆண்டு திரும்பி வந்து பெட்டியைத் திறந்தபோது, புத்தகங்கள் அடுக்கிய வடிவத்திலேயே மண்ணாக நின்றன. கறையான். விரல் பட்டதும் உதிர்ந்தன. எதை இழந்தேன் என்றுகூட எனக்குத் தெரியாது, வாசித்திருந்தால்தானே தெரியும்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் என் மகள். கந்தோர் வேலை, இரண்டு பிள்ளைகள். மூத்தவனுக்கு ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் சோதினை. காலை நாலரைக்கு எழும்புகிறாள். இடியப்பமோ பிட்டோ, அதற்குச் சம்பல், பள்ளிக்கூடத்துக்கு ஒரு சாப்பாடு, கந்தோருக்கு ஒன்று. பின்னேரம் டியூட்டரி வாசலில் மகனுக்காகக் காத்து நிற்கிறாள். ஒருநாள் அடுப்பில் பிட்டு அவிகிறது, அவள் குசினிக் கதவில் சாய்ந்தபடி போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். "பிள்ளை, அடுப்படியிலயும் போனோ?" என்று கேட்டுவிட்டேன். அவள் முகம் சுருங்கிவிட்டது.

"அம்மா, கதை வாசிக்கிறன். முத்துலிங்கத்தின்ர. எங்கட கொக்குவில் ஆள்தானே" என்றாள்.

அ. முத்துலிங்கத்தின் முதல் தொகுப்பு 'அக்கா' 1964இல் வெளிவந்தது. அந்தப் பெயர் எனக்கு அந்தக் காலத்திலேயே தெரியும். பக்கத்து ஊர்க்காரர் உலகமெல்லாம் சுற்றிவிட்டு எழுதிய கதைகளை என் மகள் குசினிக் கதவில் சாய்ந்து, குற்றம் செய்கிறவள்போல் வாசிக்கிறாள். அதைக் குற்றமாக்கியவள் நான். என் தாயின் பன்னிரண்டு நிமிடத்தை நான் கைவிட்டேன். அதை யாரும் சொல்லிக் கொடாமலே என் மகள் கண்டெடுத்திருக்கிறாள்.

பேரன் கேட்ட கேள்விதான் இன்னும் சுட்டது. "அம்மம்மா, அம்மா என்ன படிக்கிறா? அவவுக்கும் சோதினையோ?" பத்து வயதுப் பிள்ளைக்கு வாசிப்பு என்றால் சோதினை என்றுதான் தெரிந்திருக்கிறது. அது அவனுடைய பிழையில்லை. நாங்கள் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளை மேசையில் இருத்தி, 'படி, படி' என்றோம். வளர்ந்தவர்கள் தங்கள் மனத்துக்காக ஒரு பக்கம் வாசிப்பதை அவர்கள் கண்ணால் காண விடவில்லை.

மகள் படம் பார்ப்பதும் இப்படித்தான், துண்டு துண்டாக. 'தீபன்' படத்தை மூன்று இரவாகப் பார்த்தாள். 2015இல் கான் விழாவின் உயர்ந்த விருது பெற்ற பிரெஞ்சுப் படம். அல்லைப்பிட்டியில் பிறந்த ஷோபாசக்தி அதில் நடித்திருக்கிறார். இரண்டாம் இரவு நானும் பக்கத்தில் இருந்தேன். ஒருவரையொருவர் அறியாத ஓர் ஆணும் பெண்ணும் சிறுமியும் குடும்பமென்று சொல்லிக்கொண்டு நாடுவிட்டுப் போகிறார்கள். அந்நிய நாட்டு வீட்டில் அந்தப் பெண் சமைக்கத் தொடங்கியபோது மகள் என் கையைப் பிடித்தாள். எங்கள் வீட்டிலும் போனவர்கள் இருக்கிறார்கள். அதைப்பற்றி நாங்கள் இருவரும் அதுவரை பேசியதில்லை, அன்றிரவு பேசினோம். காலையில் வழக்கம்போல் நாலரைக்குத் தேங்காய் திருவும் சத்தம் கேட்டது.

போன சனிக்கிழமை ஒடியல் கூழ் காய்ச்சினோம். கூழ் ஒருவர் கைச் சமையல் அல்ல. ஒடியல் மாவின் கைப்புப் போகத் தண்ணீரில் ஊறவைத்து, தெளிந்த நீரை ஊற்றி, மறுபடி நீர் விட வேண்டும். மீனும் நண்டும் இறாலும் துப்புரவாக்க வேண்டும். பயற்றங்காய் முறிக்க, மரவள்ளிக்கிழங்கு வெட்ட, பலாக்கொட்டை தோலுரிக்க, முருங்கையிலை உருவ, செத்தல்மிளகாய் அரைக்க, புளி கரைக்க ஆள் வேண்டும். முன்பெல்லாம் இதைத் தனியே செய்துவிட்டு, எல்லோரும் பிலாவிலையைக் கோலிக் குடிப்பதைப் பார்த்து நிற்பேன். இந்த முறை நான் வேலையைப் பிரித்தேன். மருமகன் நண்டு உடைத்தார். பேரன் பலாக்கொட்டை. சின்னவள் முருங்கையிலை. நான் அம்மிக்குப் போனேன். மகளிடம், "நீ விறாந்தையில போய் இரு. மா ஊறட்டும், கூப்பிடுறன்" என்றேன்.

அவள் எழும்பவில்லை. "நானும் ஏதாவது செய்யிறனே" என்று கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள். இரண்டு முறை சொன்ன பிறகுதான் போனாள். ஒரு தாய்க்கு நேரம் கிடைத்தாலும் அதில் இருக்கத் தெரியாமல் போய்விடுகிறது. அரை மணித்தியாலத்துக்குப் பிறகு எட்டிப் பார்த்தேன். கால் நீட்டி இருந்து வாசித்துக்கொண்டிருந்தாள். பேரன் பலாக்கொட்டைக் கிண்ணத்தோடு அவளருகே போய் இருந்து, தோலை உரித்தபடி அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

என் வயதில் உள்ளவர்களுக்கு இதைத்தான் சொல்ல விரும்புகிறேன். 'நேரம் ஒதுக்கி வாசி, ஓய்வெடு' என்று பிள்ளைகளுக்குப் புத்தி சொல்கிறோம். நாலரைக்கு எழும்புகிறவள் எதை ஒதுக்குவாள்? நாங்கள் ஒரு தேங்காயைத் திருவினால், ஒருநாள் டியூட்டரி வாசலில் போய் நின்றால், அவள் கையில் நிமிடங்கள் விழும். அவள் வாசிப்பதைப் பார்த்து 'சும்மா இருக்கிறாள்' என்று சொல்லாமல் இருப்பதும் எங்கள் கையில்தான் இருக்கிறது.

கூழ் குடித்த அன்று இரவு, கறையான் தின்ற பெட்டியின் கதையை முதன்முறையாக மகளுக்குச் சொன்னேன். அவள் போனை எடுத்து ஏதோ தட்டினாள். 2005இல் தொடங்கி ஈழத்து நூல்களையும் இதழ்களையும் இணையத்தில் சேர்த்துவரும் 'நூலகம்' தளம் திறந்தது. பழைய 'மல்லிகை' அட்டைகள் வரிசையாக வந்தன. எனக்குக் கண்புரை வெட்டிய பிறகும் சின்ன எழுத்துத் தெரிவதில்லை. அவள் இரண்டு விரலால் எழுத்தைப் பெருப்பித்துக் காட்டினாள். வாங்கி, அட்டை பார்த்து, பெட்டிக்குள் வைத்த இதழ்களுள் ஒன்று. உள்ளே என்ன இருந்ததென்று ஐம்பது ஆண்டுக்குப் பிறகு பார்க்கிறேன்.

இப்போது தேங்காய் திருவுவது நான். பிட்டு அவியும்போது மகள் எனக்கு அந்தப் பழைய இதழ்களிலிருந்து ஒரு கதை வாசிக்கிறாள். நேற்றைய கதை நீளம். ஆவி வந்து, நேரமும் கடந்துவிட்டது. "அம்மா, இறக்கட்டே?" என்று கேட்டாள். பேரன்தான் முந்திக்கொண்டு, "பொறுங்கோ, முடியட்டும்" என்றான்.