கண்ணுக்குத் தெரியாத அமானிதம்

 

வளைகுடா நாட்டிலிருந்து வரும் பணத்தில் அடுப்பெரியும் இல்லங்கள் நம் ஊர்களில் ஏராளம். அந்தப் பணம் எப்படி ஈட்டப்பட்டது என்பதை இல்லத்தில் இருப்போர் அறிவதற்கில்லை. ஈட்டியவனே வாய் திறந்தால்தான் உண்டு. ஆகவே, பழைய வாகனம் ஒன்றின் கியர் ஆயிலை நான் மாற்றிய வரலாற்றை இன்று உங்கள் முன் வைக்கிறேன். பெருமைக்காக அன்று, என் பிள்ளைகளும் உங்கள் பிள்ளைகளும் அதே பிழையைச் செய்யலாகாது என்பதற்காக.

2006-ஆம் ஆண்டு, ரமழானுக்குச் சில வாரங்கள் முன்பு. ஷார்ஜாவின் தொழிற்பேட்டைப் பகுதியில் ஒரு பட்டறையில் பணியாற்றி வந்தேன். பழைய வாகனங்களை வாங்கி விற்கும் தரகர் ஒருவர், 1992-ஆம் ஆண்டு லேண்ட் குரூசர் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார். நான்கு சக்கரங்களும் இழுக்கும் வலிய வாகனம். தானாகவே கியர் மாறும் அமைப்பு உடையது. மூன்று லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருந்தது. கியரில் போட்டால் வண்டி உடனே நகராது. சற்று யோசித்துவிட்டு நகரும்.

வாகன நுட்பம் அறியாத தாய்மார்களுக்காக ஒரு விளக்கம். இத்தகைய வாகனத்தில் காலால் மிதிக்கும் கிளட்ச் இல்லை. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றைச் சுழலவிட்டால், அதன் காற்றில் மற்றதும் சுழலும் அல்லவா? அவ்வாறே, இன்ஜினின் ஆற்றல் ஆயிலின் வழியாகக் கியர்ப்பெட்டிக்குச் செல்கிறது. உள்ளே இருக்கும் கிளட்ச் தகடுகளை அழுத்திப் பிடிப்பதும், சூட்டைச் சுமந்து சென்று தணிப்பதும், பல்சக்கரங்கள் தேயாமல் காப்பதும் அதே ஆயில்தான். மணலில் திணறியும் பாரம் இழுத்தும் ஓடும் வண்டியில் அந்த ஆயில் வெகுவாகச் சூடேறும். காலம் செல்லச் செல்லக் கருகும். கருகிய ஆயிலால் தகடுகளை இறுகப் பிடிக்க இயலாது. தகடு வழுக்கும், வழுக்கினால் மேலும் சூடேறும்.

நான் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். கறுப்பு நிறம், தீய்ந்த வாடை. தரகர் அருகில் வந்து மெல்லிய குரலில் சொன்னார்: "சட்டியில் இருப்பதை மட்டும் வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்று. கம்பியில் சிவப்பாகத் தெரிந்தால் போதும்."

அதன் பொருள் எனக்குத் தெரியாமல் இல்லை. அடியிலுள்ள திருகைக் கழற்றினால் சட்டியில் உள்ளது மட்டுமே வடியும். அன்று வடிந்தது ஏறத்தாழ 6 லிட்டர். அதைக் காட்டிலும் மிகுதியான ஆயில் டார்க் கன்வெர்ட்டரிலும், குளிர்விக்கும் குழாய்களிலும், கியர்ப்பெட்டியின் உள்வழிகளிலும் தங்கிவிடும். ஆயினும் புது ஆயிலை ஊற்றியவுடன் இன்ஜினை ஓட்டாமல் கம்பியை உருவினால் செக்கச்செவேல் என்று தெரியும். அந்தச் சிவப்பு தூய்மைக்குச் சான்று அன்று. கசிவு ஏற்பட்டால் இன்ன ஆயில் என்று அடையாளம் காண்பதற்காகக் கலக்கப்படும் சாயமே அது.

நான் செய்தேன். தரகர் கையில் வைத்த 50 திர்ஹத்தையும் வாங்கிக்கொண்டேன்.

வண்டியை வாங்கியவர் பெஷாவர் பக்கத்துப் பட்டாணி சகோதரர். தைத் பகுதித் தோட்டங்களிலிருந்து காய்கறி ஏற்றி மலைப்பாதை வழியாக ஃபுஜைராவுக்குக் கொண்டு செல்பவர். என் கண் முன்னேயே கம்பியை உருவி, வெள்ளைத் துணியில் துடைத்து, சிவப்பைக் கண்டு முகம் மலர்ந்தார்.

இரண்டே வாரங்கள். மசாஃபிக்குச் செல்லும் ஏற்றத்தில் பாரத்துடன் நின்றுபோன அந்த வாகனம், இழுவை வண்டியில் ஏற்றப்பட்டு எங்கள் பட்டறைக்கே வந்தது. அவர் சண்டையிடவில்லை. அதே துணியில் மீண்டும் துடைத்துக் காட்டிவிட்டு, "பாய்ஜான், அன்று சிவப்பாக இருந்தது, இத்தனை விரைவில் எப்படிக் கறுத்தது?" என்று மட்டும் கேட்டார். அவர் என்னைக் குற்றம் சாட்டவில்லை, விளக்கம் கேட்டார். அதுதான் என்னைக் கொன்றது.

எங்கள் பட்டறையின் மூத்த மெக்கானிக்கைக் காக்கா என்றே அழைப்போம். அவர் வண்டியின் அடியில் படுத்துச் சட்டியைக் கழற்றினார். உள்ளே காந்தத் துண்டுகள் உண்டு. சாம்பல் நிறத்தில் மெல்லிய படலம் படிந்திருந்தால் அது இயல்பான தேய்மானம். அன்று கண்டதோ உலோகச் சிம்புகள். தகடுகளிலிருந்து உதிர்ந்த கரித்தூள். காக்கா என்னைப் பார்த்தார். "தம்பி, இது இரண்டு வாரத்து அழுக்கா?" என்றார். நான் தலை குனிந்தேன்.

அன்றிரவு அறையில் அவர் ஒரு நிகழ்ச்சியை நினைவூட்டினார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியல் ஒன்றினுள் கையை நுழைத்தார்கள். மேலே உலர்ந்திருந்த குவியலின் உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்ட அண்ணலார், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று கண்டித்தார்கள். "அந்த ஈரத்தின் மீது உலர்ந்த தானியத்தைப் பரப்பியது உன் கை, தம்பி" என்றார் காக்கா.

"தரகர் சொல்லித்தானே செய்தேன், காக்கா" என்றேன்.

"மறுமையில் அவர் கணக்கை அவர் சொல்வார். உன் கணக்கில் அவர் கையெழுத்துப் போட வரமாட்டார். தொழுகையில் குறை வைத்தால் அல்லாஹ்விடம் அழுது கேட்கலாம். அடியானின் ஹக்கை அந்த அடியான்தான் மன்னிக்க வேண்டும்."

மறுநாள் அந்தச் சகோதரரிடம் உண்மை முழுவதையும் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பழைய உதிரிப்பாகச் சந்தையில் கியர்ப்பெட்டி ஒன்று 1,800 திர்ஹத்துக்குக் கிடைத்தது. என் மாதச் சம்பளம் 1,200. தரகர் கையை விரித்துவிட்டார். காக்கா 300 கொடுத்தார். மீதியை நான் மூன்று மாதங்களில் அடைத்தேன். அந்த மூன்று மாதமும் வீட்டுக்குக் குறைவாகவே பணம் சென்றது. காரணம் கேட்ட என் தாயாருக்கு முதன்முறையாக மறைக்காமல் எழுதினேன். "குறைந்தாலும் பரவாயில்லை, ஹலாலாக வரட்டும்" என்று பதில் வந்தது.

வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்குப் பின் கூலியின்றி அந்த வேலையைச் செய்தேன். இம்முறை முறைப்படி. சட்டியைக் கழுவி, காந்தங்களைத் துடைத்து, புது வடிகட்டி பொருத்தினேன். ஆயில் நிரப்பியபின், குளிர்விப்பானிலிருந்து திரும்பி வரும் குழாயைக் கழற்றி, தெளிந்த புட்டி ஒன்றில் விட்டேன். இன்ஜினை ஓடவிட்டு ஒரு லிட்டர் வெளியேறியதும் நிறுத்தி, அதே ஒரு லிட்டரை மேலே ஊற்றினேன். வெளிவரும் ஆயில் தெளிந்த சிவப்பாகும் வரை இவ்வாறே திரும்பத் திரும்பச் செய்தேன். பிறகு சூடான நிலையில், எல்லாக் கியர்களிலும் ஒருமுறை போட்டெடுத்து, நிறுத்தக் கியரில் வைத்து, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளவு பார்த்தேன். வேலை முடிந்ததும் அவர் என்னைத் தழுவிக்கொண்டு, "மாஃப் கியா" என்றார். அந்த இரு சொற்களுக்கு நான் கொடுத்த விலை அதிகமன்று.

பழைய ஆயிலை மாற்றினால் கியர்ப்பெட்டி கெட்டுவிடும் என்ற அச்சம் பட்டறைகளில் நெடுநாளாக உண்டு. பெரும்பாலும் அதைக் கெடுப்பது புது ஆயில் அன்று, பல்லாண்டுப் புறக்கணிப்பே. தேய்ந்துபோன தகடுகளைப் புது ஆயில் மீட்டுத் தராது. எனவே பழைய வாகனம் வாங்க எண்ணும் சகோதரர்களே! நிறத்தை மட்டும் பார்க்காதீர்கள்; முகர்ந்து பாருங்கள். சூடேறும் வரை ஓட்டிப் பாருங்கள். இயன்றால் சட்டியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பட்டறையில் பணிபுரியும் தம்பிகளே! கறுத்த ஆயிலைக் கண்டால், திருகில் கை வைக்குமுன் உள்ளதை உள்ளபடி உரியவரிடம் சொல்லிவிடுங்கள்.

தாய்மார்களே! மகன் அனுப்பிய தொகை குறைந்தால் காரணம் கேளுங்கள். கூடினாலும் காரணம் கேளுங்கள். அந்த 50 திர்ஹம் வந்த மாதத்தில் என்னிடம் எவரும் கேட்கவில்லை.

கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் அமானிதம் பேணும் நற்பேற்றை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.