மூணு தடவை முளைச்ச பேண்டு!

கணேஷ் சேஷாத்ரி... இந்தப் பேரைக் கேட்டதும் உங்களுக்கு யார் ஞாபகம் வருது? மேத்ஸ் ஹெச்.ஓ.டி.? பேங்க் மேனேஜர்? டிசம்பர் சீஸன்ல முதல் வரிசையில உட்கார்ந்து தொடையில தாளம் போடுற மாமா?

எல்லாமே தப்பு பாஸ்! 1978-ல் லண்டன்ல எலெக்ட்ரிக் கிட்டாரை மாட்டிக்கிட்டு மேடையேறின ஒரு இங்கிலீஷ் பேண்டோட பாடகர் அவர். பாட்டு எழுதறதும் பெரும்பாலும் அவரேதான். இந்திய வம்சாவளி. மேடைக்காக அவர் வெச்சுக்கிட்ட பேர் 'பிட்'. எக்ஸாம் ஹால்ல சாக்ஸுக்குள்ள இருக்குமே, அந்த பிட் இல்லை. இது வேற!

பேண்டோட பேர், 'தி மோனோக்ரோம் செட்'. நம்ம பாஷையில சொன்னா கறுப்பு-வெள்ளை டி.வி. பெட்டி. நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. வெட்கப்பட வேண்டாம், இங்கிலாந்துலேயே பல பேர் உதட்டைப் பிதுக்குவாங்க. ஆனா, தெரிஞ்சவங்க உயிரையே விடுவாங்க. இப்படிப்பட்ட பேண்டுகளுக்கு 'கல்ட்'னு ஒரு செல்லப் பேர் உண்டு. சில படங்கள் தியேட்டர்ல ரெண்டு வாரம்கூட ஓடியிருக்காது. ஆனா பார்த்த நாலு பேர் இருபது வருஷம் கழிச்சும் டீக்கடையில அதையே பேசிட்டிருப்பாங்க இல்லையா... அந்த ரகம்!

'பாகூர் ஏரிக்கரையில வளர்ந்த உனக்கு லண்டன் பேண்டு எப்படிப்பா பழக்கம்?'னு நீங்க கேட்கலாம். பாண்டிச்சேரிக்காரங்களுக்கு இது சுலபமாப் புரியும். நம்ம பக்கம் ஊருக்கு ஒண்ணு ரெண்டு 'சொல்தா' வீடு இருக்கும். தாத்தா பிரெஞ்சு ராணுவத்துல இருந்திருப்பார். பேரன் கையில பிரெஞ்சு பாஸ்போர்ட் இருக்கும். காலேஜ் முடிச்சதும் பையன் ஃப்ளைட் ஏறிடுவான். எங்க குழுவோட ரிதம் பேட் அப்படித்தான் பாரிஸ் போய்ச் சேர்ந்தான். (எங்க குழுவுல யாருக்கும் சொந்தப் பேர் கிடையாது, வாசிக்கிற வாத்தியம்தான் பேர்!)

போன வருஷம் ஒரு நாள் ராத்திரி அவன்கிட்ட இருந்து வாட்ஸ்அப்ல ஒரு பாட்டு வந்துச்சு. கீழே ரெண்டே வரி: 'மச்சி, இவனுங்களும் நம்மள மாதிரியே பிரிஞ்சவனுங்கதான்டா. ஆனா நம்மள மாதிரி சும்மா இருக்கலை.'

சுருக்குனு குத்துச்சு. தூக்கம் போச்சு. அவங்க கதையைத் தோண்ட ஆரம்பிச்சேன்.

1976, 77 வாக்குல இங்கிலாந்துல 'பங்க்' அலை அடிச்சது. பெட்ரோல் பங்க் இல்லீங்க! 'மூணு கார்டு வாசிக்கத் தெரியுமா... போதும், மேடையில ஏறு'னு சொன்ன இசை அது. அந்த அலை கொஞ்சம் அடங்கினப்போ, அதே தைரியத்தை வெச்சுக்கிட்டு வேற மாதிரி யோசிச்ச பசங்க கிளம்பினாங்க. அவங்க இசைக்குப் பேர் 'நியூ வேவ்'. உலகம் முழுக்கப் பேர் வாங்கின 'தி போலீஸ்' அந்த வரிசையில வந்த பேண்டுதான். நம்ம கணேஷ் கோஷ்டியும் அந்த வரிசைதான். ஆனா, வரிசையோட கடைசியில நின்னாங்க!

பிட்டோட சேர்ந்து கிட்டார் வாசிச்சவர் பேர் லெஸ்டர் ஸ்கொயர். லண்டன்ல இருக்கிற ஒரு பிரபல சதுக்கத்தோட பேரை ஸ்பெல்லிங் மாத்தித் தனக்கு வெச்சுக்கிட்டார். நம்மாளு ஒருத்தன் 'நெல்லித்தோப்பு'ன்னு பேர் வெச்சுக்கிட்டு கிட்டார் வாசிச்சா எப்படி இருக்கும்? அப்படி! அவரோட நிஜப் பேர் தாமஸ் ஹார்டி. பி.ஏ. இங்கிலீஷ் பசங்க இப்போ சிரிச்சுக்கலாம்.

டோனி பாட்ஸ்னு ஒரு ஃபிலிம் மேக்கர் அவங்களோடவே சுத்தினார். பேண்டு வாசிச்சிட்டிருக்கும்போது அவங்க மேலேயே படத்தை ஓட விடுவார். இப்போ எல்.இ.டி. ஸ்க்ரீன் இல்லாம எந்த காலேஜ் கல்ச்சுரல்ஸும் நடக்கிறதில்லை. அவங்க அதை ஒரு ப்ரொஜெக்டரை வெச்சுக்கிட்டு அந்தக் காலத்துலயே பண்ணிட்டாங்க.

இந்தக் கூட்டத்துல எனக்கு ரொம்பப் பிடிச்சவர் பேஸ் கிட்டார் வாசிக்கிற ஆன்டி வாரன். அவர் கதையைக் கேளுங்க. முதல்ல அவர் இருந்தது 'ஆடம் அண்ட் தி ஆன்ட்ஸ்' என்கிற பேண்டுல. 1979-ல் அவங்க முதல் ஆல்பம் வந்துச்சு. அந்தக் கையோட ஆன்டி அதை விட்டுட்டு மோனோக்ரோம் செட்டுக்கு வந்துட்டார். அதுக்கப்புறம் என்ன ஆச்சு தெரியுமா? ஆன்ட்ஸ் எகிறிடுச்சு! 1981-ல் பிரிட்டன்லயே அதிகமா வித்த ஆல்பம் அவங்களோடதுதான். மோனோக்ரோம் செட்? 1980-ல் வந்த அவங்க முதல் ஆல்பம் 'ஸ்ட்ரேஞ்ச் பொட்டீக்' 62-வது இடம் வரைக்கும் போச்சு. அவங்க தொட்ட உச்சமே அதுதான்.

கடலூருக்கு பாயின்ட் டு பாயின்ட்ல ஜன்னலோர சீட் கிடைச்ச ஆள், பஸ் கிளம்பற நேரத்துல இறங்கி டவுன் பஸ்ல ஃபுட்போர்டு அடிச்ச மாதிரி! 'பாவம் மனுஷன்'னு தோணுதில்ல? எனக்கும் முதல்ல அப்படித்தான் தோணுச்சு. ஆனா, 2022-ல் வந்த மோனோக்ரோம் செட் ஆல்பத்தை எடுத்துப் பாருங்க... பேஸ் வாசிக்கிறது அதே ஆன்டி வாரன்! அவர் அந்த டவுன் பஸ்ஸை விட்டு இறங்கவே இல்லை.

சரி, முதல் பிரிவுக்கு வருவோம். நாலு ஆல்பம் போட்டாங்க. நாலாவது 'தி லாஸ்ட் வீக்எண்ட்', 1985-ல் வந்துச்சு. இந்தத் தடவை பின்னாடி பெரிய கம்பெனியோட பலம் இருந்துச்சு. ஹிட் அடிக்கும்னு எல்லாரும் காத்திருந்தாங்க. அடிக்கலை. அதே வருஷம் பேண்டு கலைஞ்சுடுச்சு.

எங்க கதை இதைவிடச் சின்னது. 2003-ல் காலேஜ் சேர்ந்த வருஷம் ஆரம்பிச்சோம். ஒரு கீபோர்டு, ஒரு ரிதம் பேட், ட்ரிபிள் காங்கோ, இரவல் கிட்டார். பாட்டுக்கு நான். ஆடி மாசம் வந்துட்டா பாகூர், கரிக்கலாம்பாக்கம், வில்லியனூர் சுத்துவட்டாரத்துல எங்கேயாவது செடல் திருவிழா இருக்கும். டிராக்டர் டிப்பர்தான் மேடை. பரோட்டாவும் பஸ் காசும் நிச்சயம், மீதி மாரியாத்தா விட்ட வழி! சினிமாப் பாட்டுக்கு நடுவுல கூட்டம் அசந்த நேரமாப் பார்த்து எங்க சொந்தப் பாட்டு ஒண்ணைச் சொருகுவோம். வில்லியனூர்-பாகூர் பஸ்ல நின்னுக்கிட்டே எழுதின பாட்டு. பாதி ஜனம் அப்போதான் எழுந்து டீ குடிக்கப் போகும். ஆனா முன்னாடி உட்கார்ந்திருக்கிற பொடிசுங்க மட்டும் அடுத்த வருஷம் வந்து 'அண்ணா, அந்த பஸ் பாட்டு பாடுங்கண்ணா'னு கேட்கும். எங்க கல்ட் ரசிகர்கள்!

2007-ல் முடிஞ்சது. சண்டை போட்டுப் பிரிஞ்சிருந்தாக்கூட ஒரு கெத்து இருந்திருக்கும். எங்களைப் பிரிச்சது ஷிஃப்ட் டைம்! கீபோர்டு சேதராப்பட்டுல ஒரு கம்பெனிக்குப் போனான். காங்கோ சிங்கப்பூர். ரிதம் பேட் பாரிஸ். 'பொங்கலுக்குச் சேர்ந்து வாசிக்கலாம்டா'னு சொல்லிச் சொல்லியே பதினஞ்சு பொங்கல் போயிடுச்சு.

அங்கே லண்டன்ல என்ன ஆச்சு? அஞ்சு வருஷம் கழிச்சு, 1990-ல், பிட்டும் ஆன்டியும் லெஸ்டர் ஸ்கொயரும் மறுபடி சேர்ந்தாங்க. ரீயூனியன்னா பொதுவா என்ன நடக்கும்? பழைய ஹிட்டைப் பாடுவாங்க, கலெக்‌ஷனை எண்ணுவாங்க, வீட்டுக்குப் போவாங்க. 'தி போலீஸ்' 2007-ல் சேர்ந்தாங்க, உலகம் முழுக்க டூர் போனாங்க, 2008-ல் முடிச்சுட்டாங்க. ஒரு புது ஆல்பம்கூட வரலை. மோனோக்ரோம் செட்டுக்கு அந்த வசதி கிடையாது. பாடிக் காட்ட ஹிட் இருந்தாத்தானே! அதனால புதுசா எழுதினாங்க. 1990-க்கும் 1995-க்கும் நடுவுல அஞ்சு ஆல்பம். 1998-ல் மறுபடியும் கலைஞ்சாங்க. பிட் 'ஸ்கார்லெட்ஸ் வெல்'னு வேற ஒரு குழுவோட போயிட்டார்.

2010-ல் பிட்டுக்கு மூளையில ரத்தக்குழாய் வீங்கி, உயிருக்கே ஆபத்தாயிடுச்சு. இதுக்கு ஒரு வைத்தியம் உண்டு. ரத்தக்குழாய் வழியாவே மெல்லிசா ஒரு குழாயை அனுப்பி, வீங்கின இடத்துக்குள்ள பிளாட்டினம் கம்பியைச் சுருள் சுருளா நிரப்புவாங்க. அந்தச் சுருளைச் சுத்தி ரத்தம் உறைஞ்சு, வீக்கம் அடைபட்டுடும். பிட் பிழைச்சார். 'போதும்டா சாமி'னு வீட்டுல உட்கார்ந்திருந்தா யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டாங்க. அவர் பேண்டைக் கூட்டினார். 2012-ல் ஆல்பம் வந்துச்சு. பேர் என்ன தெரியுமா? 'பிளாட்டினம் காயில்ஸ்'. தலைக்குள்ள இருக்கிற கம்பிச் சுருளையே ஆல்பத்துக்குப் பேரா வெச்சுட்டார் மனுஷன்!

இதைப் படிச்சப்போ எனக்கு எங்க கீபோர்டு ஞாபகம்தான் வந்துச்சு. சில வருஷம் முன்னாடி நைட் ஷிஃப்ட் முடிச்சு வில்லியனூர் பைபாஸ்ல வரும்போது பைக் சறுக்கிடுச்சு. இடது கையில பிளேட் வெச்சாங்க. ரெண்டு விரல் இன்னமும் மடங்காது. கீபோர்டைத் துணி சுத்திப் பரண்ல போட்டுட்டான். நாங்க சேரலாம்னு பேச்செடுக்கிறப்போ எல்லாம், 'நீங்க வாசிங்கடா, நான் கீழ உட்கார்ந்து கை தட்டறேன்'னு சொல்லிட்டு போனை வெச்சிடுவான்.

அவன் வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து பிட் கதையைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், 'அவனுக்கு பிளாட்டினம் வெச்சாங்க மச்சி. எனக்கு வெறும் ஸ்டீல்தானே'ன்னான். நான் சிரிக்கலை. அவன்தான் சிரிச்சான். எழுந்து உள்ளே போய், பரண்ல இருந்து கீபோர்டை இறக்கித் துணியைப் பிரிச்சான்.

வலது கையில ராகம், இடது கையில ஒரே ஒரு விரலால பேஸ். அவ்வளவுதான் முடிஞ்சது. பாரிஸ் பையன் வீடியோ கால்ல டேபிளைத் தட்டினான், அது அரை செகண்ட் லேட்டா வந்து உயிரை வாங்குச்சு. பஸ் பாட்டு பழைய வேகத்துல ஓடலை. டீசல் தீர்ந்த மாதிரி ஊர்ந்துச்சு. ஆனா ஒண்ணு சொல்லவா? அந்த வேகத்துல பாடினப்போதான் நாங்க இருபது வயசுல என்ன எழுதினோம்னே எங்க காதுல விழுந்துச்சு. நான் அதுவரைக்கும் கத்திட்டுத்தான் இருந்திருக்கேன்! அன்னிக்கே அவன் ஒரு புது மெட்டும் வாசிச்சான், ஆறு விரல், ஏழு விரல் கணக்குக்கு ஏத்த மாதிரி. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் இப்போ எங்களுக்கு அந்தத் திண்ணைதான்.

மோனோக்ரோம் செட்டோட கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்க. முதல் இன்னிங்ஸ்ல 4 ஆல்பம். ரெண்டாவதுல 5. மூணாவதுல, 2012-ல் இருந்து 2022 வரைக்கும் மட்டும் 7! ஒவ்வொரு தடவை திரும்பி வரும்போதும் முன்னைவிட அதிகமா வேலை பார்த்திருக்காங்க. வந்தவங்க எல்லாரும் அதே ஆளுங்களும் இல்லை. லெஸ்டர் ஸ்கொயர் போனார், வந்தார், மறுபடி போனார். ட்ரம்ஸுக்கும் கீபோர்டுக்கும் புது ஆளுங்க வந்தாங்க. இருக்கிறவங்களை வெச்சு வண்டியை ஓட்டினாங்க.

இன்னொரு பக்கமும் பாருங்க. அவங்க பாட்டை ரசிச்சுக் கேட்டு வளர்ந்த மாரிஸ்ஸியும் ஜானி மாரும் 1982-ல் 'தி ஸ்மித்ஸ்' பேண்டை ஆரம்பிச்சாங்க. குருவைவிடப் பல மடங்கு பெரிய பேர். ஆனா 1987-ல் பிரிஞ்சவங்க, அதுக்கப்புறம் சேரவே இல்லை. 'சேருவாங்களா, மாட்டாங்களா'னு ரசிகர்கள் முப்பத்தஞ்சு வருஷம் காத்துட்டு இருந்தாங்க. 2023 மே மாசம் அவங்க பேஸ் கிட்டாரிஸ்ட் ஆன்டி ரூர்க் கேன்சர்ல இறந்துட்டார். இனிமே அந்த நாலு பேர் ஒரே மேடையில நிக்கவே முடியாது. 'அப்புறம் பார்த்துக்கலாம்'னு தள்ளிப்போட்டா கணக்கு இப்படியும் முடியும்.

ஃபைனல் இயர் மக்களே, இது உங்களுக்குத்தான்! உங்க காலேஜ்லயும் ஒரு குழு இருக்கும். பேண்டோ, கானா கோஷ்டியோ, பறையோ, நாடகமோ, எதுவா இருந்தாலும் சரி. மே மாசம் ஆளுக்கொரு பக்கம் போயிடுவீங்க. போங்க, தப்பில்லை. வேலைக்குப் போகாம எப்படி? ஆனா போறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பண்ணிடுங்க. உங்க சொந்தப் பாட்டு ஒண்ணே ஒண்ணு இருந்தாலும், அதைப் போன்லயாவது ரெக்கார்டு பண்ணி எல்லாருக்கும் அனுப்பி வையுங்க. கார்டு, தாளம், வரி மூணையும் ஒரு நோட்டுல எழுதி வையுங்க. திரும்பி வர்றப்போ எங்கே விட்டோம்னு தெரியணுமில்ல!

மேடைக்கா பஞ்சம்? ஜூன் மாசமானா நம்ம பாண்டியில 'ஃபெத் தெ லா மியூசிக்' வந்துடும். பிரான்ஸ்ல 1982-ல் ஆரம்பிச்ச இசைத் திருவிழா. பெரிய வித்வான், கத்துக்குட்டி வித்தியாசமே கிடையாது, யார் வேணா வாசிக்கலாம் என்பதுதான் அதோட அடிப்படையே. அதை விட்டா அடுத்த மாசமே ஆடி! டிராக்டர் டிப்பர் எப்பவும் ரெடி.

அங்கே முன்னாடி உட்கார்ந்திருக்கிற பொடிசு ஒண்ணு உங்க பாட்டைக் கேட்கும். எழுந்து போய் டீ குடிக்கிறவங்களை விடுங்க... அதுக்குப் பாடுங்க!